சத்தியக் கடதாசி

அக்கரைப்பற்றில், பஸ் நிலையத்துக்கு எதிரே என் கடை.
போட்டோக் கொப்பி பக்கம் இருபது ரூபாய்.
மனு, முறைப்பாடு, சத்தியக் கடதாசிக்குத் தனி விலை.
அழுதுகொண்டு சொல்கிறவர்களிடம்
பக்கக் கணக்குப் பார்ப்பதில்லை.

இன்று காலை ஒரே வாங்கில்
உதுமாலெப்பையும் சாமித்தம்பியும்.
நடுவில் ஒரு ஆள் இருக்க இடம்.
ஆள் இல்லை, ஹெல்மெட் இருந்தது.

பதினொரு வருஷமாக இவர்கள்
ஒரே நாளில் வந்ததில்லை.
முதலைப்பள்ளக் கண்டத்துக்கு வழக்கு.
செவ்வாயில் ஒருவர், வியாழனில் மற்றவர்,
இருவருக்கும் அடித்துக் கொடுத்தவள் நான்.

‘சாமித்தம்பியின் மாடுகள்
அங்கே ஒருபோதும் மேய்ந்ததில்லை.’
அது உதுமாலெப்பைக்கு.
‘உதுமாலெப்பை அங்கே
ஒரு பிடி நெல்லும் ஒருபோதும் விதைத்ததில்லை.’
அது சாமித்தம்பிக்கு.
யாவும் உண்மையெனச் சத்தியம் செய்கிறேன்
என்ற கடைசி வரி இரண்டுக்கும் ஒன்றே.
வெட்டி ஒட்டினால் போதும்.

கம்பனிக் கடிதத்தை மேசையில் வைத்தார்கள்.
முந்நூறு ஏக்கர். சூரியப் பண்ணை.
“பண்ணையெண்டா என்னத்த வளப்பாங்க?”
சாமித்தம்பி கேட்டதற்கு
எவரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் பக்கம்:
காணியின் தற்போதைய பயன்பாடு – இல்லை.
ஆதாரம் – இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு.
புரட்டினேன்.
என் எழுத்துரு. என் ஓர அளவு.
‘ஒருபோதும்’ என்பதில்
நான் எப்போதும் விடுகிற அதே ஒரு எழுத்து
இரண்டு தாளிலும் விடுபட்டிருந்தது.

அவர் இல்லை என்று இவர்,
இவர் இல்லை என்று அவர்.
கூட்டிப் பார்த்தவனுக்கு
முந்நூறு ஏக்கரில் ஒரு குஞ்சு குருமான் இல்லை.

“பழசை அழிக்கேலாதா புள்ள?”
“கோட்டில கிடக்கு காக்கா.”

ஃபான் சுற்றியது.
வெள்ளிக்கிழமை நில அளவை ஜீப்பை மறித்தபோது
கோமேதகவல்லியும் ரமீஸாவும் பிடுங்கிய ஆப்பு ஒன்று,
சிவப்புத் துணியோடு,
தாள்கள் பறக்காமல் மேலே கிடந்தது.

மறுகா உதுமாலெப்பைதான் தொடங்கினார்.
“போடு புள்ள.
மாசியில வெட்டு முடிய இவர்ர பட்டி வரும்.
நூத்திப் பதினாலு.
அதில ஒரு கொம்பன் என்ர வேலிய
ரெண்டு தரம் முறிச்சவன்.
அதையும் போடு.”

சாமித்தம்பி ஹெல்மெட்டைத் தூக்கி மடியில் வைத்தார்.
“இவர் போன மாரியும் விதைச்சவர்.
நடுச்சாமம் வாய்க்கால வெட்டி
தண்ணியத் தன்ர பக்கம் திருப்பினவர்.
நான் கண்ணால கண்டனான்.
போடு.”

பதினொரு வருஷக் கோபத்தை
இருவரும் மாறி மாறிச் சொல்லச் சொல்ல
அடித்துக்கொண்டே போனேன்.
எந்த மாதம், எந்த வரம்பு, எந்த மாட்டின் எந்தக் காது.
இவ்வளவு கவனமாக ஒருவரை ஒருவர்
வேறு யார் பார்த்திருப்பார்கள்?

வெயிலோடு எனக்குப் பகை இல்லை.
இதையும் சொல்லவேண்டும்.
கரண்ட் பில் கட்டுகிறவள் நான்.
கடைக் கூரையில் இரண்டு தகடு போட
வங்கியில் கேட்டு, இல்லையென்று வந்தவள்.
முந்நூறு ஏக்கர் வெயில்
எந்தக் கம்பியில் எந்த ஊருக்குப் போகுமென்று
கடிதத்தில் தேடினேன்.
அது நான்காம் பக்கத்தில் இருக்கலாம்.
எங்களுக்கு வந்தது மூன்று.

அச்சில் போட்டேன்.
பாதியில் கரண்ட் போனது.

தாளை மெல்ல இழுத்தெடுத்தேன்.
கடைசி வரியில் எழுத்துகளின் மேல்பாதி மட்டும்:
புள்ளிகள், கொக்கிகள், தலைகள்.
‘பயன்படுத்தப்படுகிறது’ என்பதா
‘பயன்படுத்தப்படவில்லை’ என்பதா
அவர்களுக்குத் தெரியவில்லை.
ஒரு நொடி எனக்கும்.

பேனையை எடுத்து
ஒவ்வொரு எழுத்துக்கும் கீழ்ப்பாதி இழுத்தேன்.
இரண்டு தலைகளும் மேசைமேல் குனிந்து
வெளிச்சத்தை மறைத்தன.

“கொஞ்சம் அமத்தி எழுது.”
எவர் சொன்னதென்று
நிமிர்ந்து பார்க்கவில்லை.